அப்பா சரிபார்த்த காம்பஸ்

சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புக் கடை. கீல், தாழ்ப்பாள், பூட்டு, ஆணி, கிணற்றுக் கப்பி. விற்ற சாமான் சரியில்லை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் அப்பாவுக்கு அன்று சோறு இறங்காது. அதனால் எதையும் சும்மா எடுத்துக் கொடுக்கமாட்டார். பூட்டென்றால் பூட்டித் திறந்து காட்டுவார். கீலென்றால் விரித்து மடக்கி, சத்தம் வருகிறதா என்று காதருகே வைத்துக் கேட்பார். பிறகு மேசைமேல் இருக்கும் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தில் ஒரு கோழியிறகைத் தோய்த்து, மூட்டில் ஒரு தடவு தடவிக் கொடுப்பார். கடற்காற்று அடிக்கிற ஊர். ஒரு மழைக்காலம் போதும், எல்லாம் துருவேறிவிடும்.

பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். "அண்ணாச்சி கடையில ஆணி வாங்குனா தலைக்கும் தேச்சுக்கிடலாம்" என்பார்கள். அப்பா சிரிப்பார். இறகை மட்டும் விடமாட்டார்.

நான் ஸ்கூல் ஃபைனல் எழுதியது, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி அடுத்து வந்த மார்ச் மாதத்தில். எங்கள் சொந்தபந்தமெல்லாம் நாகர்கோவில் பக்கம். அங்கே வயலைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா பொங்கல் கழிந்து வந்தார். பெரியம்மையின் தம்பி மகனுக்கு என்னைக் கேட்டார். அவனை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. நான் அவனைப் பார்த்ததே இல்லை. எனக்குக் காலேஜுக்குப் போகவேண்டும். அவ்வளவுதான்.

அப்பா பெரியப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அண்ணாச்சி, அவ பரீச்ச எழுதட்டும். ஜெயிச்சா காலேஜு. தோத்தா நீங்க சொல்லுகது மாதிரி."

"தோத்தா மறுபடி எழுதுகேன்னு ஒக்காரப்பிடாது. அடுத்த முகூர்த்தத்துல தாலி கட்டீரணும்."

"சரி."

"கணக்குல ஜெயிச்சு என்ன, கலெக்டராவா ஆவப் போறா?"

"கலெக்டரானா ஒங்க வயலுக்குத் தீர்வயக் கொறச்சுத் தருவேன் பெரியப்பா" என்றேன் உள்ளேயிருந்து. அம்மா என் வாயைப் பொத்தினாள்.

எனக்குக் கணக்கில்தான் பயம். அதிலும் ஜாமெட்ரி. படிக்காத குறை பாதி, காம்பஸ் மீதி. மாமா மகன் உபயோகித்து முடித்த காம்பஸ் அது. மூட்டு தளர்ந்து, ஒரு கால் குடித்தவன் மாதிரி விலகிப் போகும். வட்டத்தைத் தொடங்கிய இடத்தில் முடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் வைத்த மாதிரிப் பரீட்சையில் கணக்கு டீச்சர் என் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். "இது விருத்தமோ, ஒச்சோ?" மலையாளத்தில் விருத்தம் என்றால் வட்டம், ஒச்சு என்றால் நத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து காம்பஸைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன்.

இதைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த ஒரு கெட்ட நிப்பு போதும். என் வகுப்பில் ஒருத்தியின் பேனா பரீட்சை நடுவில் மையைக் கக்கியது. அவள் தாளையும் பாவாடையையும் பார்த்து அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். தோற்றுவிட்டாள். அவளுக்கு மூளை போதாது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். பேனாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

எறிந்த காம்பஸை அப்பா எடுத்துப் பார்த்தார். தேற்றம் என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது. தளர்ந்த மூட்டு என்றால் தெரியும்.

மறுநாள் எங்கள் சாலைத் தெருவிலேயே நாலைந்து கடை ஏறி இறங்கிப் புது ஜாமெட்ரி பெட்டி ஒன்று வாங்கி வந்தார். அது புதிது என்பதால் அவர் நம்பிவிடவில்லை. பழைய பத்திரிகையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். காம்பஸின் திருகாணியைக் குறடால் இறுக்கி, விரித்து மடக்கி, காதருகே வைத்துக் கேட்டார். முள்ளை அரத்தில் தேய்த்துக் கூராக்கினார். ஸ்கேலின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். பென்சில்களைச் சீவி, ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதி, முனை உடைகிறதைத் தள்ளி வைத்தார். பேனாவைக் குலுக்கினார், கவிழ்த்தார், கீழேகூட ஒரு தடவை போட்டார். மை ஒற்றுகிற பிளாட்டிங் பேப்பரைப் பெட்டிக்குள் அடங்குகிற அளவில் வெட்டி ஒரு கட்டாக அடுக்கினார்.

"நகை எடுக்கப் போனாகூட இம்புட்டு பாக்கமாட்டீங்க" என்றாள் அம்மா.

"நகைக்கு அசையுத மூட்டு கெடையாதுட்டி."

கணக்குப் பரீட்சையன்று காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது பெட்டி தயாராக மூடியிருந்தது. அப்பா அதை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "இதுல ஒண்ணும் ஒன்னய ஏமாத்தாது மக்கா. நீ படிச்சத மட்டும் எழுது."

ஹாலில் முதலில் கணக்குகளைப் போட்டேன். பரவாயில்லை. பிறகு ஜாமெட்ரி. முக்கோணத்தைச் சுற்றி வட்டம் வரையவேண்டும். காம்பஸை ஊன்றிச் சுற்றினேன். மூட்டு கெட்டியாக நின்றது. ஆனால் கோடு பாதியில் காணாமல் போனது. பென்சில் வழுக்கியது. முள் குத்திய இடத்தில் ஒரு பொட்டு தோன்றி, பரவி, தாளைக் கண்ணாடி மாதிரி ஆக்கியது. அடியில் இருந்த பக்கத்தின் எழுத்து அதன் வழியாகத் தெரிந்தது.

தலையெண்ணெய்தான் வடிகிறது என்று முதலில் நினைத்தேன். நெற்றியைத் துடைத்தேன், கையைத் துடைத்தேன், பக்கத்தில் இன்னொன்று வரைந்தேன். அதுவும் போனது. மேலே மையால் எழுதியிருந்த வரிக்கும் கறை ஏறத் தொடங்கியது. அப்போதுதான் காம்பஸை மூக்கருகே கொண்டு போனேன். தேங்காயெண்ணெய். மூட்டிலிருந்து ஊறி, இரண்டு கால் வழியாகவும் இறங்கியிருந்தது. அந்தக் கோழியிறகு என் கண்முன் வந்தது.

அந்த நிமிஷம் அப்பா என் முன்னால் நின்றிருந்தால் காம்பஸை எங்கே எறிந்திருப்பேன் என்று சொல்லமாட்டேன்.

மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினார். "எந்தா குட்டீ, அப்பம் சுடுகயாணோ?"

"காம்பஸில் எண்ணெயாணு டீச்சர்."

அவர் சிரிக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பெட்டியில் அந்த பிளாட்டிங் பேப்பர் கட்டு இருந்தது. ஒன்றை மடித்து மூட்டின் இடுக்கில் நுழைத்து இழுத்தேன். மஞ்சளாக வந்தது. இன்னொன்று. இன்னொன்று. விரிக்கிறேன், மடக்குகிறேன், துடைக்கிறேன். மற்றவர்களின் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் காதில் கேட்டது. கட்டு தீர்கிற சமயத்தில் ஒரு துண்டு வெள்ளையாக வந்தது. புதுத் தாளில் வரைந்தேன். எண்ணெய் போனதும் காம்பஸை விரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, அப்படி இறுக்கியிருந்தார். அந்த இறுக்கத்தால்தான் ஒரு மயிரிழைகூட விலகாமல் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது. கடைசிக் கேள்விக்கு நேரமில்லை. மணி அடித்துவிட்டது.

எண்ணெய்த் துண்டுகளைக் கையில் கசக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

அப்பா கேட்டுக்கு வெளியே மாமரத்தடியில் நின்றார். வியாபார நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கையில் துணிப்பை.

"காம்பஸு ஆடலியே மக்கா?"

துண்டுகளை அவர் கையில் வைத்தேன். "மோந்து பாருங்க."

மோந்தார். அப்படியே மதில்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"துரு பிடிச்சிரும்னு…"

"ஒரு பரீச்ச எழுதி முடிக்கதுக்குள்ள துரு பிடிக்குமாப்பா?"

துண்டுகளைத் திரும்பவும் மோந்து பார்த்தார். "கணக்கு போச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பூட்டு திரும்பி வந்தால்கூட அவர் குரல் அப்படி இருக்காது. சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒரு கேள்வி விட்டுப்போச்சு. மத்தது எழுதியிருக்கேன்."

"வட்டம்?"

"சேந்துட்டு. கொஞ்சங்கூட ஆடல."

வேட்டி நுனியால் என் விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும்.

"பையில என்ன?"

"ஒருவேள ஒடஞ்சா இருக்கட்டும்னு இன்னொரு காம்பஸு கொண்டாந்தேன்."

"அதுலயும் எண்ணெயா?"

பைக்குள் பார்த்தார். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

மீதிப் பரீட்சைகள் முடிகிற வரை அந்தப் பெட்டி பட்ட பாடு கொஞ்சமல்ல. சீயக்காய் போட்டு வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, கறை இறங்குகிறதா என்று பார்ப்பார். பேனாவையும் கழுவிவிட்டார். மை முழுக்கப் போய், நான் திரும்ப நிரப்பினேன்.

ரிசல்ட் வருகிற வரை கடையில் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று அம்மா சொன்னாள். வந்தது. மற்றப் பாடங்களில் நன்றாக, கணக்கில் தட்டுத்தடுமாறி, ஜெயித்திருந்தேன். பெரியப்பா ஒரு வாழைக்குலையோடு வந்து இறங்கினார்.

"ஜெயிச்சிட்டாளாமே."

"ஆமா அண்ணாச்சி. வட்டம் சேந்துட்டு."

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா விளக்கவும் இல்லை. முகூர்த்தப் பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்த மார்ச்சில் ஒருநாள் காலேஜ் விட்டு வரும்போது கடைப்பக்கம் போனேன். பூட்டுகளுக்கு நடுவில் ஜாமெட்ரி பெட்டிகள் அடுக்கியிருந்தன. என் அம்மா வயதில் ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு நின்றாள். அப்பா ஒரு காம்பஸை எடுத்துத் திருகாணியை இறுக்கினார். அதன்பின் ஒரு வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு, வாசலுக்கு வந்து, தாளை வெயிலில் உயர்த்திப் பார்த்தார்.

எதிர்க்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, எண்ணெய் போடல்லியா?"

"பூட்டுக்குப் போடுவேன். நீ வாய்க்கு வேணும்னா போட்டுக்கிடு."

என்னைப் பார்த்ததும் தாளை நீட்டினார். "நீ ஒருக்கா பாரு மக்கா. எனக்குக் கண்ணு சரியாப் பிடிக்கல்ல."

அந்த மகள் காம்பஸுக்காகக் கையை நீட்டியபடியே நின்றாள். நான் தாளை வெயிலில் பிடித்து, முள் குத்திய இடத்தைப் பார்த்தேன். ஊசித் துளை வழியாக வெளிச்சம் வந்தது. சுற்றிலும் கறை இல்லை. எண்ணெய் இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் கொடுத்தார்.