துப்பக் கூடாத தெரு

பத்து நாளாக இருமல் நிற்கவில்லை என்று போன வாரம் செங்கல்பட்டில் டாக்டரிடம் போனேன். நர்ஸ் பெண் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, "தாத்தா, இதுல துப்பிக் குடுங்க" என்றாள். அவள் எதிரே எனக்குத் துப்ப வரவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் வந்தது.

துப்பு என்ற சொல்லுக்கு அகராதியே வேண்டாம். உதடு குவிந்து 'தூ' என்று காற்று வெளியேறும் ஓசைதான் சொல்லாகிவிட்டது என்று நினைக்கிறேன். மலையாளத்தாரும் இதையே சொல்கிறார்கள். உமிழ் என்பது நம்மிடம் புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டது; தெலுங்கில் 'உம்மு' என்று இன்னும் தெருவில் நடமாடுகிறது. இதெல்லாம் தெரியும் என்ற கர்வம் எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே இருந்தது. அந்த வயதில், 1950களில், கிடைத்த வேலையும் அதற்குத் தோதானதுதான்: ஊர் ஊராகப் போய்க் காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி சேகரிப்பது. பெண் கொடுக்க வந்தவர்களிடம் என் அம்மா 'ஆஸ்பத்திரி உத்தியோகம்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

திருவிடந்தைக்கு மேற்கே ஓர் ஊர். நிலக்காரரின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, எனக்கு மேசையும் மோரும் வைத்திருந்தார்கள். அவர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து அவருடைய நிலத்தில் வேலை செய்பவர்கள் வந்து தள்ளி நின்றார்கள். அவர்களில் கன்னியம்மா என்று ஒருத்தி. விலா எலும்பு தெரிய இருமினாள். இருமி முடித்ததும் வாயைப் பொத்தி விழுங்கினாள்.

"முழுங்காதம்மா. இந்த டப்பாவுல துப்பு" என்றேன்.

"இந்தத் தெருவுல நாங்க துப்பக் கூடாதுங்க சாமி. வந்தா முழுங்கிடுவோம்."

"டப்பாவுலதானே துப்பச் சொல்றேன்."

அவள் நிலக்காரரைப் பார்த்தாள். அவர் எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பந்தலுக்குப் பின்னால் போய் முந்தானையால் மூடிக்கொண்டு துப்பிவிட்டு, டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே இருந்தது வெறும் எச்சில். தண்ணீராக இருந்தது. சளி இல்லாமல் அது பரிசோதனைக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குள் எனக்குச் சாப்பாடு தயார் என்று ஆள் வந்து நின்றான். மூடியைத் திருகிப் பெயர் எழுதினேன்.

கிருமி இல்லை என்று சீட்டு வந்தது. அதனால் அவளுக்கு மருந்து கிடையாது.

ஆறேழு மாதம் கழித்து அவள் புருஷன் ஏழுமலையைக் கோவளம் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். கன்னியம்மா செத்துப்போயிருந்தாள்.

"சீட்டுல ஒண்ணுமில்லன்னு போட்டுகீது, அப்பறம் இன்னா பயம்னு இருந்துட்டோம்" என்றான். அவனுக்குக் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, "வூட்டாண்ட ரத்தமா துப்பிக்கினு இருந்தா சார். நீங்க அங்க வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பா" என்றான்.

பந்தலிலிருந்து அந்தக் குடிசைகள் கூப்பிடு தூரம்தான்.

நிலக்காரர் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஏரிக்கரைப் பிள்ளைகள் அதே தெருவில் பைக்கை நிறுத்தி உரக்கப் பேசுகிறார்கள், தோன்றினால் துப்புகிறார்கள். யாரும் எதையும் விழுங்குவதில்லை. அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஏரிக்கரையில் குடிசைகளும் இல்லை. கன்னியம்மாவின் வீடு எங்கே இருந்தது என்று கேட்டுப் பார்த்தேன்; யாருக்கும் தெரியவில்லை. என்னாலும் காட்ட முடியாது. நான் ஒருநாளும் அங்கே போனதில்லை.