செஞ்சிக்கு நான் விட்ட ரயில்

போன வருஷம் ஆவணி மாதம். செஞ்சியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைப் பத்தே நாளில் காலி செய்ய வேண்டிய நிலைமை. வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார். கட்டில், பீரோ, மிக்சி எல்லாவற்றையும் பஜாருக்குப் பின்னால் பார்த்திருந்த சின்ன போர்ஷனுக்குள் எப்படியாவது திணித்துவிடலாம். ரயிலை என்ன செய்வது?

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அதனாலேயே என் நைனா வீட்டுக்குள் ஒன்று விட்டார். திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஊர் ஜனத்தையெல்லாம் ஸ்டேஷன் பக்கம் இறக்கிவிட்டுவிட்டு, தான் மட்டும் திரும்பி வந்தே ஆயுளைக் கழித்தார். ரிட்டையர் ஆனதும் சென்னையில் பழைய சாமான் கடைகளாகத் தேடி அலைந்து, ஐந்து வெளிநாட்டு என்ஜின்கள் வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் சைஸ். பெட்டிகளை அட்டையிலும் தகரத்திலும் அவரே செய்தார். ஆறுக்கு மூணு அடி பிளைவுட் பலகை, அதன்மேல் வளைந்து வளைந்து தண்டவாளம், தெர்மாகோலில் ராஜகிரி மலை, அடிவாரத்தில் மஞ்சள் போர்டில் 'செஞ்சி'. யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் சாப்பிட மாட்டார்.

சாவதற்கு முன்னால் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பிரிச்சிடாதடா. மொத்தமா ஓட்றவங்க கைல குடு."

தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவது சுலபமாகத்தானே இருக்கிறது!

ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டேன். "இது எந்தப் பாடத்துல வருது?" என்றார்கள். கல்யாண மண்டபத்தில் கேட்டேன். சாப்பாட்டு ஹாலில் வைக்கலாம், ஆனால் பந்தி நேரத்தில் எடுத்துவிட வேண்டுமாம். சொந்தக்காரர் ஒருவர் என்ஜின் மட்டும் போதும் என்றார். நாள் குறையக் குறைய எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள், கனவில் நைனா பச்சைக் கொடியோடு என்னைத் துரத்தினார்.

எனக்குப் பயம் வந்தால் கூடவே ஜோக்கும் வரும். அது ஒரு வியாதி. மஞ்சள் போர்டையும் மலையையும் நிஜம் போலத் தெரிகிற மாதிரி கிட்டத்திலிருந்து போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டேன்: 'செஞ்சிக்கு ரயில் வந்துவிட்டது! நிறுத்த இடமில்லை. விருப்பமுள்ளவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்.' இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் எந்தப் புண்ணியவானோ வெட்டிவிட்டு, முதல் வரியை மட்டும் ஊர் ஊராக அனுப்பிவிட்டான். இங்கே சர்வே எடுப்பதும் கல் நடுவதும் பல வருஷக் கதை. அதனால் நம்புகிறவர்கள் நம்பினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் டீக்கடையில், "நைனா ரயில் வுட்டாரு, புள்ள ரீல் வுட்றான்" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஏனென்றால் அந்தக் கூத்தில் எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. தாம்பரத்தில் ஒரு ரிட்டையர்டு ரயில்வேக்காரர். மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை: "பலகையோட, அப்படியே வரணும். பிரிச்சீங்கன்னா வேணாம்."

கடைசி நாள், காலை ஒன்பது மணி. வாசலில் குட்டி யானை லோடு வண்டி நிற்கிறது. நானும் டிரைவரும் பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிலைவாசல் தாண்டினோம். எதிரே ஒரு பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். தோளில் பை, கையில் எக்ஸ்ரே கவர்.

"அண்ணா, ரயிலு எங்க நிக்குது? பஸ் ஸ்டேண்டுல கேட்டா, சிரிச்சிக்கினே உங்க வூட்ட காட்டனாங்க."

டிரைவர் கையிலிருந்த பலகையைக் கண்ணால் காட்டினான். "இதாம்மா. ஏறிக்க."

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இன்னாண்ணா சொல்றீங்க? அப்ப ரயிலு வர்லியா?"

பக்கத்திலிருக்கும் சிங்கவரத்துக்காரி. அவள் புருஷனுக்கு மணிலாக் கடலை மூட்டை ஏற்றும்போது விழுந்து முதுகு போய்விட்டது. உட்கார முடியாது, படுத்தே கிடக்கிறார். அன்று சாயங்காலத்துக்குள் சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் மறுநாள் ஆபரேஷன். தவறினால் மறுபடி எப்போது தேதி கிடைக்குமோ தெரியாது. கார் பேசி வைத்திருந்தாளாம். பக்கத்து வீட்டு போனில் என் ரயில் வந்ததும், படுத்துக்கொண்டே போகலாமே என்று காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு முகூர்த்த நாள். செஞ்சியில் ஒரு கார் மிச்சமில்லை; 108 ஆம்புலன்ஸோ, அவசரக் கேஸுக்குத்தான் வருமாம்.

பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அது பிளக்கவில்லை. அதனால் உளற ஆரம்பித்தேன். இந்த வண்டி தாம்பரம்தானே போகிறது, மலைக்கு இந்தப் பக்கம் அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா? பலகையை நிமிர்த்தி நிறுத்திக் கட்டினால்?

"இன்னா சார், படுக்குறது மனுசனா, வெறகுக் கட்டா?" என்றான் டிரைவர்.

"அடியில பலக போட்டு, ஆடாம கொண்டாரச் சொன்னாரு டாக்டரு" என்றாள் அவள் மெதுவாக. எங்களிடம் எதுவும் கேட்கும் தைரியமில்லாமல், எக்ஸ்ரே கவரிடம் சொல்வது மாதிரி.

ஆறுக்கு மூணு. எல்லோரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். நான் மட்டும் வேறு பக்கம் பார்க்கப் பார்த்தேன்.

என் மனைவி உள்ளேயிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். "ஏங்க, கழட்டுங்க."

"நைனாவுக்குச் சொன்ன வார்த்தைடி..."

"வாட்ஸ்அப்புல போட்டியே, அது யாரு வார்த்த? யோவ், கழட்டுய்யா!"

இருபது வருஷமாக மனுஷன் ஒட்டியதைப் பிய்க்க எங்களுக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது. தண்டவாளத்தைக் கழற்றும்போது திருகாணி தலை வழுக்கிக்கொண்டே இருந்தது. டிரைவர் ராஜகிரியை இரண்டு கையாலும் அணைத்துப் பெயர்த்தான். அது இரண்டாக உடைந்தது. மூலையில் சாய்த்து வைத்தோம். மறுநாள் வந்த பொக்லைன், சுவரோடு சேர்த்து அதையும் அள்ளிக்கொண்டு போனது.

சிங்கவரத்தில் அவரை நான்கு பேர் அலுங்காமல் தூக்கி, பலகையில் கிடத்தினோம். தலைமாட்டில் அவள், கால்மாட்டில் நான், எனக்கும் அவருக்கும் நடுவில் பெட்டி பெட்டியாக நைனா. ஒவ்வொரு குழிக்கும் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். வலி என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதுதான் தெரிந்தது. நான் கழற்றாமல் விட்ட ஒரு ஸ்க்ரூ, செஞ்சியிலிருந்து சென்னை வரைக்கும் அவர் இடுப்பில் குத்திக்கொண்டே வந்திருக்கிறது. சட்டையில் ரத்தம்.

"ஏம்பா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உங்க நைனா சாமான ஒடச்சிக் குட்த்துருக்கீங்க. அதுல போய் எப்டிண்ணா கொற சொல்றது?"

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். அன்றைக்கு எந்த ஜோக்கும் வரவில்லை.

தாம்பரத்துக்காரர் கதவைத் திறந்தார், ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தார், மூடினார். "உதிரி என்கிட்டயே நெறைய கெடக்கு சார்." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதலிலேயே சொன்னவர்தானே?

என்ஜின்கள் பிறகு ஒவ்வொன்றாக யார் யாரிடமோ போயின. ரயில் பெட்டிகள் போர்ஷனின் பரணில், பூச்சி தின்றது போக மிச்சம் இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்குள் நடமாடுகிறார். மூட்டை தூக்க இனி முடியாதாம். ஒருமுறை பார்க்கப் போனேன். பாய்க்கு அடியில் அதே பலகை. ஓரத்தில் பச்சைப் பெயிண்ட், அதில் தண்டவாளம் போன தடம். "எடுத்துக்கினு போறீங்களாண்ணா?" என்றாள். வேண்டாம் என்றேன். எடுத்துக்கொண்டு எங்கே போவேன்?

இப்போதும் நான் வாய் ஓயாமல் கிண்டலடிக்கிறவன்தான், ஆனால் போனில் எதையாவது தட்டிவிட்டு அனுப்பப் போகும் நேரத்தில், அதை நிஜமென்று நம்பி யாரோ ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.