தண்டவாளத்துக்குக் கீழே ஒரு வழி

மண்ணுக்குள் வேலை செய்கிறவனுக்கு நல்ல பெயர் கிடைக்காது. வேலை ஒழுங்காக முடிந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிசகினால் ஊரே குனிந்து பார்க்கும். என்னைப் போல ஓவர்சியர் உத்தியோகத்தில் வதைபட்ட அன்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டிக்கும் கடுகண்ணாவைக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் என்னைப் போட்டார்கள். அங்கே ஒரு பிளாட்பாரத்திலிருந்து மற்றதற்குப் போக சனங்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து போவார்கள். அதை நிறுத்த, பாதைக்குக் கீழே நிலத்தைக் குடைந்து ஒரு நடைவழி கட்ட வேண்டும். சீமையில் பூமிக்கு அடியில் ஸ்டேஷனே கட்டி ரயில் ஓட்டுகிறார்களாம். நமக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

கங்காணியின் கவலை

மண் வெட்ட ஆட்களைக் கொண்டுவந்தவர் வத்தேகமப் பக்கத்துச் சுப்பையா கங்காணி. மேலே இரும்பு உத்தரம் கொடுத்துத் தண்டவாளத்தைத் தாங்கியிருந்தோம். ரயில்கள் வழக்கம்போல ஓடின. கூவல் சத்தம் கேட்டதும் கங்காணி மட்டும் விறுவிறுவென்று மேலே ஏறி வந்துவிடுவார். இதைக் கவனித்த எஞ்சினியர் துரை, பயமா என்று கேட்டார்.

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "பயமெல்லாம் இல்லீங்க தொர. ரயிலு உள்ள விழுந்திச்சின்னா அதுல உள்ளவங்களைத் தூக்கிவிட வெளிய ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

நானாவின் உபசாரம்

சனங்கள் தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில்தான் மீரான் நானாவின் தேத்தண்ணிக் கடை. வேறு யாவாரம் அவருக்குக் கிடையாது; வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். நடைவழி திறந்ததும் அந்த இடத்தைக் கம்பி வேலியால் அடைத்துவிடுவோம். நடைவழியின் வாசலோ மறுகோடியில், மாட்டு வண்டிகள் நிற்கும் இடத்தில். அதன் பிறகு நானா கடைக்கு ஈ கூட வராது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்ததும் அவர்தான். கோப்பையை நீட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்: "என்ட கடையை மூட வந்தவங்களுக்கு நானே தேத்தண்ணி ஊத்துறேன். சீனி போதுமா, ஐயா?"

மாப்பிள்ளைக் கல்

பாதி தூரம் கூடப் போகவில்லை, வண்டிகள் நிற்கும் பக்கத்து வாசலருகே ஒரு பெரிய கல் குறுக்கிட்டது. மேலே ரயில் ஓடுவதால் வெடி வைக்க முடியாது. அலவாங்கும் சம்மட்டியுமாக அணு அணுவாகக் கொத்தினோம். தூசி பறந்தது, யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளைக் கோட்டு செம்மண் நிறமானது. இன்னும் எத்தனை நாள் என்று அவர் கத்துவார். நானும் கத்துவேன்.

நானா மட்டும் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர் போலக் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்ல கல்லு ஐயா. கெதியா, அவசரப்பட்டு உடைச்சி வீணாக்கிடாதீங்க!"

முருகனின் மறுப்பு

கல் உடைந்தது. அது கிடந்த இடத்தில் சுவரில் ஒரு பொந்து விழுந்தது. பிறகு அடைக்கலாம் என்று விட்டுவிட்டோம். வழி திறந்தோம், வேலி போட்டோம். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை! வேலிக்குள் நுழைந்து, சட்டையைக் கிழித்துக்கொண்டு, பழையபடி தண்டவாளத்தில்தான் நடந்தார்கள்.

கலகெதரையில் புதுக்கடை திறக்கப்போகும் செட்டியார் ஒருவர், கண்ணாடி போட்ட முருகன் படத்தோடு வந்தார். கீழே போகச் சொல்லிக் கெஞ்சினேன். "மேல மூணாங்கிளாஸ் பெட்டி நிக்குது. பெட்டிக்குள்ள கக்கூசு இருக்குது. அதுக்குக் கீழ முருகனை எப்படிங்க கூட்டிக்கிட்டுப் போறது?" என்றார் அவர்.

கேத்தல் இறங்கிய கதை

மறுவாரம் எஞ்சினியர் துரை பார்க்க வருகிற நாளில் மழை பிடித்தது. கண்டி மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேரும் நடைவழிக்குள் பாய்ந்தார்கள். முதல் ஆள், முருகனைக் கீழே கொண்டுபோக மறுத்த அதே செட்டியார். என்னைக் கண்டதும், "நனையிறதுக்கு இது பரவாயில்லன்னு முருகனே சொல்லிட்டாருங்க" என்றார்.

சனம் வெளியே போகவும் இல்லை, துரை உள்ளே வர இடமும் இல்லை. அப்போது அந்த நெருக்கடிக்குள், "வழி, வழி, சுடுது!" என்ற குரல் கேட்டது. ஆளில்லாத கடையைப் பூட்டிவிட்டு, சாக்கால் சுற்றிய, தேத்தண்ணி நிறைந்த பெரிய கேத்தலோடு மீரான் நானா! கல் கிடந்த பொந்தில் கேத்தலை வைத்தார். அளவெடுத்து வெட்டியது போலப் பொருந்தியது. குளிரில் நடுங்கிய சனம் கையை நீட்டியது.

பின்னாலேயே ஸ்டேஷன் மாஸ்டர் வந்துவிட்டார். ஸ்டேஷன் எல்லைக்குள் உத்தரவில்லாமல் யாவாரம் செய்கிறவர்களை அவர் விட்டதே இல்லை. நானாவின் கை கோப்பையோடு அப்படியே நின்றது. மாஸ்டர் கேத்தலைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார், நனைந்த கோட்டைப் பிழிந்தார்.

"பிளாட்பாரத்தில விக்கக்கூடாது எண்டுதான் சட்டம். இது பிளாட்பாரம் இல்லை, பூமிக்குக் கீழ. இதுக்கு என்னட்டச் சட்டம் ஒண்டும் இல்லை. எனக்கும் ஒண்டு ஊத்தும், நானா!"

அன்றிலிருந்து கேத்தல் அந்தப் பொந்திலேயே குடியேறியது; மழை இல்லாத நாளிலும் சனங்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். நாங்கள் மண்ணைக் குடைந்தும் வேலி போட்டும் ஆகாத காரியத்தை, யாருடைய பிழைப்பைக் கெடுக்கப் போனோமோ அவருடைய கேத்தல் செய்து முடித்தது.