கேட்டால் துளிர்க்காத திராட்சைக் குச்சி

போன மாதம் அல்லிநகரத்தில் திருடப் போய் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு எழுத்து வராது, நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். முதல் வரியிலேயே பேனாவை நிறுத்திவிட்டாள். "எடுக்கப் போயின்னு போடவா மாமா?" இந்த வயதில் எனக்கென்ன பயம்? திருட என்றே போடம்மா என்றேன்.

விஷயம் இதுதான். மார்க்கையன்கோட்டையில் என் வீட்டுப் பந்தலில் ஒரு திராட்சைக் கொடி இருந்தது. தோல் மெலிசு, பழம் தேன். போன வருடம் வேரில் பூச்சி விழுந்து பட்டுப்போனது. அதே கொடியின் வாரிசு மிச்சம் இருப்பது ஒரே இடத்தில்தான் - என் கூட்டாளி வீருச்சாமியின் அல்லிநகரத்து வீட்டில். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். வீடு இப்போது அவன் மகள் போதுமணியுடையது.

போதுமணி என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் ஆட்களுக்குப் புரியவே பல வருடம் ஆனது. பெங்களூரில் சட்டம் சொல்லிக்கொடுக்கும் புரொபசர். லீவில் வந்தால் போதும்... ஆளாளுக்கு பட்டா, பத்திரத்தோடு வாசலில் நிற்பார்கள்.

"அண்ணே, நான் வரப்புத் தகராறு பாக்குறதில்ல. பாட்டு, புத்தகம், கம்ப்யூட்டர் புரோகிராம் - இதெல்லாம் யாருக்குச் சொந்தம்னு பாக்குறேன்" என்பாள்.

"பாட்டுக்குமா தாயி பட்டா இருக்கு?" என்று வாயைப் பிளந்தார் ஒருவர்.

இன்டர்நெட்டுக்கு விதி எழுதும் டெல்லி கமிட்டியில் வேறு உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அவள் போட்டதெல்லாம் ஒரே சண்டைதானாம்: படிக்கிற பிள்ளைகளுக்கு எதையும் பூட்டி வைக்காதே, ஆனால் எடுக்கிறவன், உருவாக்கியவன் பேரைச் சொல்லி எடுக்கட்டும்.

அப்படிப்பட்டவள் வீட்டுச் சுவருக்கு வெளியே, உச்சி வெயிலில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல், கையில் கத்தியோடு நான். அவள் பெங்களூரில் இருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் போனேன்.

"பெரியப்பா! அங்கன என்ன பண்றீக?"

"சும்மா... காத்தாட நின்னேன் ஆத்தா."

"வாளி மேலயா?"

கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"ஒரு குச்சி கேட்டா குடுக்க மாட்டேனா?"

"கேட்டு வாங்குனா துளிர்க்காதுத்தா. திருடி நட்டாத்தான் வரும்."

எங்கள் பக்கத்தில் இதுதான் சட்டம். எடுப்பவன் சொல்லாமல் எடுக்க வேண்டும். கொடிக்காரன் பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இவள் திருப்பவில்லை. என் கொடி... போச்சு!

"திருடுறதுதான் திருடுறீக, அப்பா பேரச் சொல்லித் திருடுங்க" என்றாள். "அவுக உண்டாக்குன கொடி இது. இருபத்தஞ்சு வருசமா என் மொத கிளாஸே இந்தக் கதைதான். பள்ளிக்கூடமே போகாத எங்கப்பா புது ரகத்த உண்டாக்கி, எந்த உரிமையும் கேக்காம ஊருக்கே விட்டாகன்னு..."

உண்மையைச் சொன்னால் வீருச்சாமி பேர் போகும். சொல்லாவிட்டால் அது வீருச்சாமி திராட்சையாகவே நிலைத்துவிடும். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

"ஆத்தா, ஒங்கப்பன் அத என் பந்தல்லருந்துதான் திருடுனான். நான் அங்கிட்டுத் திரும்பி பீடி பத்தவச்சுக்கிட்டு நின்னேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. "அப்ப... நீங்க உண்டாக்குனதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெங்களூர் காலேஜில் வருடா வருடம் என் பேர்! ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

"இல்லத்தா. கடமலைக்குண்டுல ஒரு தோட்டத்துல திருடுனேன்."

"அந்தத் தோட்டக்காரரு?"

"அந்தாளு கை மட்டும் சும்மாவா இருந்துருக்கும்?"

போதுமணி படியில் உட்கார்ந்துவிட்டாள். கொடியையே பார்த்தாள். நான் மெதுவாக வாளியை விட்டு இறங்கினேன். திடீரென்று அவளுக்கு ஒரு சிரிப்பு... கண்ணில் தண்ணீர் வரும் வரை!

"டெல்லியில எத்தன பேருகிட்ட மல்லுக்கு நின்னுருக்கேன் பெரியப்பா... வீட்டுல திருட்டுக் கொடிய வச்சுக்கிட்டு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வெயில்ல நிக்காதீக. உள்ள வந்து ஒக்காருங்க. நான் காப்பி போட்டுட்டு வாரேன், கொஞ்ச நேரமாகும்."

கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். போனவள் பந்தல் பக்கத்து ஜன்னலையும் சாத்தினாள்.

ஜன்னலை எதற்குச் சாத்த வேண்டும்? எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது.

காப்பி வந்தபோது என் வேட்டி மடியிலிருந்து குச்சி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. போதுமணி வானத்தைப் பார்த்து, "மழை வரும்போலருக்கே பெரியப்பா" என்றாள். ஒரு பொட்டு மேகம் இல்லை.

இந்த வாரம் குச்சியில் இரண்டு துளிர். போனில் சொன்னேன்.

"கிளாஸ்ல கதைய மாத்திட்டேன் பெரியப்பா. நாலு திருடங்க கதைன்னு."

"கடமலைக்குண்டுக்காரன், நான், ஒங்கப்பன்... மூணு பேருதானத்தா?"

"ஜன்னலச் சாத்துனது யாரு?"

கொடி பந்தல் ஏற இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அதற்குப் பிறகு மார்க்கையன்கோட்டைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்... மத்தியானத்தில் எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.