வலென்சியாவும் அனுஜாவின்ர கடிதமும்

ஒரேஞ்ச் மரக்கட்டை எரியேக்க ஒரு மணம் வரும் பாருங்கோ... புகைதான், ஆனா கொஞ்சம் இனிப்பா இருக்கும். அந்த நெருப்புக்கு மேல சைக்கிள் சில்லு அளவில ஒரு தட்டைச் சட்டி. அதுக்குள்ள மஞ்சள் சோறு கொதிச்சுக்கொண்டு இருக்குது.

ஸ்பெயினில வலென்சியா. பதினொரு வருசத்துக்கு முந்தி. எங்களுக்கு அப்ப பத்தொன்பது வயசு.

நாங்கள் எண்டா நான், அனுஜா, மெலனி. மூண்டு பேரும் சுவிஸில, ஆரா எண்ட ஊரில ஒரே வகுப்பு. கிழமையில ரெண்டு நாள் பள்ளிக்கூடம், மிச்ச நாள் வயோதிபர் இல்லத்தில வேலை... அப்பிடி மூண்டு வருச லேர, அதுதான் தொழில் பழகிற படிப்பு. கடைசிச் சோதினை எழுதி முடிச்ச கையோட, தாய் தேப்பன் இல்லாம முதல் முதலா வெளிக்கிட்ட பயணம் அது.

வீட்டில விட்டது லேசுப்பட்ட விசயமில்லை. என்ர அம்மா ரெண்டு கிழமை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. சூக் டவுனில ஒஃபிஸ் கிளீனிங் செய்யிற அனுஜாவின்ர அப்பாதான் முதல் ஓம் எண்டவர். பிள்ளையள் கஷ்டப்பட்டுப் படிச்சு முடிச்சிட்டுதுகள், போயிட்டு வரட்டும் எண்டு மற்ற ரெண்டு வீட்டுக்கும் அவர்தான் ஃபோன் எடுத்துக் கதைச்சவர்.

போய் இறங்கினது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியில சைவமாத்தான் சாப்பிடுவன் எண்டு அம்மாவுக்கு வாக்குக் குடுத்திட்டன். அதால அண்டைக்கு முழுக்க எனக்குப் பாணும் தக்காளியும்... பிறகு ஏதோ கிழங்கை அரைச்சுப் பிழிஞ்ச குளிர்ப் பால். அதுக்குள்ள நீட்டு பணிஸை முக்கிச் சாப்பிட வேணுமாம். நாலு கிளாஸ் குடிச்சன்.

பெரிய சந்தைக்குப் போனம். வலைப் பையில உயிரோட நத்தை விக்கினம்! மெலனி அதைப் பாத்திட்டு வெளிய ஓடினவள், பிறகு தொப்பிக் கடைக்குள்ளதான் பிடிச்சம். பெரிய மாதா கோயில் கோபுரத்தில இருநூறு படிக்கு மேல ஏறினம். மேல நிண்டு பாத்தா ஊர் முழுக்க ஓட்டுக்கூரை, அங்கால கடல்.

ஃபோட்டோ எல்லாம் அனுஜாதான் எடுத்தவள். நீயும் வந்து நில் எண்டா, வெயில் கண்ணுக்குக் குத்துது எண்டு சொல்லிப்போட்டு நிக்கமாட்டாள்.

சனிக்கிழமை பஸ் பிடிச்சு, ஏரிக்கரையில இருக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போனம். சுத்திவர வயல். அங்கதான் அந்தச் சட்டிச் சோறு. கோழி, முயல், போஞ்சி எல்லாம் போட்டது. அடிப்பிடிச்ச பகுதிதான் விசேசமாம். எங்கட வீட்டில சோறு அடிப்பிடிச்சா அம்மாவுக்குப் பேச்சு விழும்... இங்க அதைச் சுரண்டி எடுத்து, ஏதோ பரிசு மாதிரித் தட்டில வைக்கினம்.

நான்தான் கிளாஸைத் தூக்கி, மூண்டு பேரும் பாஸ், அதுக்காக ஒருக்கா எண்டன்.

அனுஜா கரண்டியைக் கீழ வச்சாள்.

"நான் ஃபெயில்."

எங்களுக்கு விளங்கேல்லை. அவள் கைப்பைக்குள்ள இருந்து நாலா மடிச்ச கடிதத்தை எடுத்து மேசையில வச்சாள். வெளிக்கிட முதல் நாள் வந்ததாம். வீட்டில ஆரும் பாக்க முதல் தபால்பெட்டியில இருந்து எடுத்து ஒளிச்சவளாம். எழுத்துச் சோதினையில கொஞ்சப் புள்ளி குறைஞ்சு போச்சு. ஆனா பாஸ் எண்டுதான் அப்பாவுக்குச் சொல்லிப்போட்டாள். அவர் அண்டைக்கே கேக் வாங்கி, வேலையிடத்தில எல்லாருக்கும் குடுத்திட்டாராம்.

மெலனிக்குக் கோவம் வந்திட்டுது. நேற்று முழுக்க எங்களைப் பைத்தியக்காரர் மாதிரிச் சிரிக்க விட்டனியே எண்டு கேட்டாள். அனுஜா எழும்பி வெளிய போனாள். வரம்பில தனிய நிண்டாள். மெலனிதான் பிறகு போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவள்.

ஏரியில வள்ளத்தில போறதுக்கு ஏற்கெனவே பதிஞ்சிருந்தம். நடு ஏரியில அனுஜா ஃபோனை எடுத்தாள். எஞ்சின் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை, அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு "அப்பா, அப்பா" எண்டுறாள். வள்ளக்காரர் ஒரு கிழவர். அவளின்ர முகத்தைப் பாத்திட்டு எஞ்சினை நிப்பாட்டினார்.

எல்லாத்தையும் சொல்லி முடிச்சாள். எஞ்சின் நிண்டபடியா அப்பாவின்ர குரல் எங்களுக்கும் கேட்டுது. நானும் மெலனியும் தண்ணியையே பாத்துக்கொண்டு இருந்தம்.

"சாப்பிட்டிட்டியோ பிள்ளை?" எண்டார்.

"ஓம் அப்பா."

"கேக் குடுத்தது குடுத்ததுதான், ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம். அடுத்த வருசம் இன்னொருக்கா குடுப்பம். உந்தக் கடிதத்தை ஒளிச்சு வச்சுக்கொண்டு எப்பிடியம்மா சாப்பிட்டனீ?"

அதுக்குத்தான் அவள் அழுதவள். ஃபெயில் ஆனதுக்கு அழேல்லை.

வள்ளக்காரர் உடன எஞ்சினைப் போடேல்லை. கொஞ்ச நேரம் சும்மா மிதந்தம்... நாணலுக்குள்ள இருந்து வெள்ளைக் கொக்குகள் எழும்பிப் போச்சுதுகள்.

ஞாயிற்றுக்கிழமை அனுஜா சாப்பிட்ட சாப்பாட்டை நீங்கள் பாத்திருக்க வேணும். முழுக் கணவாய் ஒண்டு, பிறகு என்ர தட்டிலயும் பாதி. எல்லா ஃபோட்டோவிலயும் நடுவில அவள்தான்.

அடுத்த வருசம் பாஸ் பண்ணினாள். இப்ப வின்டர்தூரில ஒரு வயோதிபர் இல்லத்தில, புதுசா லேர செய்ய வாற பிள்ளையளுக்குப் பழக்கிறது அவள்தான்.

போன வருசம் நான் மனுசனோடயும் பிள்ளையளோடயும் திரும்ப வலென்சியா போனன். நல்ல ஹோட்டல், எல்லாம் முன்னமே புக் பண்ணினது, ஒரு குறையுமில்லை. சந்தோசமாத்தான் இருந்தது. ஆனா அண்டைக்கு அனுஜா கடிதத்தை மேசையில வச்ச மாதிரி, ஒருத்தரும் ஒண்டையும் எனக்குப் புதுசாச் சொல்லேல்லை...

நாங்கள் மூண்டு பேரும் இப்பவும் ஒரு மணித்தியால ரயில் தூரத்துக்குள்ளதான் இருக்கிறம். அப்ப மூண்டு வீட்டையும் சம்மதிக்க வச்சுப் பிளேன் ஏறினனாங்கள். இப்ப சந்திக்க வாட்ஸ்அப்பில ஓட்டெடுப்பு வைக்க வேண்டிக் கிடக்கு. எனக்கு ஷிஃப்ட், மெலனிக்குப் பிள்ளையளின்ர நீச்சல், அனுஜாவுக்குக் கூட்டம்.

இந்த முறை ஒரு நாள் பொருந்தியிருக்கு. வாற மாசம் ஒரு ஞாயிறு, ஆராவில ஆத்தங்கரையில, பத்து மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும்.

நாலு மணித்தியாலம். எங்களுக்கு அது காணும்.