அறுபத்தொரு மதிப்பெண்

2006 மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, மாலை நாலு இருபது. டெக்சாஸின் இர்விங் நகரில் எங்கள் அபார்ட்மெண்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இன்னொருவருடைய பாஸ்வேர்டைப் போட்டு, இன்னொருவருடைய வகுப்பின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, கடைசிப் பட்டனை அழுத்தினேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான். அடுப்பில் பருப்பு வெந்திருந்தது. எழுந்து போய் அதைக் கடைந்தேன்.

வகுப்பு என் தோழியுடையது. தோழி என்று இன்று எழுதலாமா என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அக்கா என்றே கூப்பிடுவேன். பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிற வகைக் கல்லூரியில், பகுதிநேர ஆசிரியை. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக ஒப்பந்தம் தருவார்கள், சில பருவங்களில் தராமலும் விட்டுவிடுவார்கள். அந்த முறை அவருக்கு உலக இலக்கிய வகுப்பு கிடைத்திருந்தது. துறைத் தலைவருக்கு அயர்லாந்து மேல் பிரியம் என்பதால், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேசப்படும் கெய்லிக் மொழியின் கவிதைகளும் சிறுகதைகளும் ஆங்கில மொழிபெயர்ப்பில் பாடமாக இருந்தன. மாணவர்கள் அவற்றைப் பற்றி மூன்று விமர்சனக் கட்டுரைகள் எழுத வேண்டும். முப்பத்திரண்டு பேர். இதைத் தவிர அவருக்கு வேறு மூன்று வகுப்புகளும் இருந்தன.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவள். கணவரின் வேலையை நம்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தபோது எனக்குக் கிடைத்தது வேலை செய்ய அனுமதியில்லாத விசா. ஏழு வருடங்களாக மகளைப் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் கொண்டுபோய் விடுவதும், சமைப்பதும், கிரீன் கார்டு வரிசை நகர்ந்ததா என்று மாதாமாதம் பார்ப்பதுமே என் வேலை. வரிசை நகரவில்லை. மகளுக்கு இருபது வயது முடிந்திருந்தது. இருபத்தொன்று ஆவதற்குள் எங்கள் முறை வராவிட்டால் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும், அவள் மட்டும் தனியாக இந்த நாட்டை விட்டுப் போக நேரலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சின்னக் கறைகூட இல்லாமல் இருங்கள் என்றும் சொல்லியிருந்தார். எங்கள் முஸ்லிம் பெயர்களைப் பார்த்தாலே கோப்பைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள் என்று என் கணவர் நம்பினார். வேகக் கட்டுப்பாட்டை மீறி ஒரு டிக்கெட்கூட வாங்கக் கூடாதென்று ஃப்ரீவேயில் எல்லோரும் ஹாரன் அடிக்க அடிக்க மெதுவாகப் போவார்.

இவ்வளவு தெரிந்தும் நான் அந்தக் கட்டுரைகளைத் தொட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது சோபா முழுக்க பேப்பர்கள். அவர் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் பேசிக்கொண்டே ஒன்றை எடுத்தேன், சிவப்புப் பேனாவையும் எடுத்தேன். எங்கள் ஊரில் ஆசிரியர் வீட்டுக்குப் பேப்பர் கட்டு வந்தால் அது வீட்டுக்கே வந்த வேலை. ஒருவர் கூட்டல் போடுவார், ஒருவர் பக்கங்களைச் சரிபார்ப்பார், எம்.ஏ. படிக்கிற பெண்கள் பட்டியல் எழுதுவார்கள். அதை யாரும் குற்றமென்று நினைத்ததில்லை. மாலைக்குள் பதினான்கு முடித்துவிட்டேன்.

"இஞ்ச பாரும், நீர் எழுதுறது என்ர எழுத்தைவிட வடிவாயிருக்கு. மிச்சத்தையும் கொண்டுபோம்" என்றார் அக்கா.

சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. அவர் எனக்கு எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

கட்டுரைகள் மோசமாக இருந்தன. தீவில் கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த பெண் பாடும் கவிதையைப் பற்றி ஒருவன், இது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் எங்கள் நாயும் போன வருடம் செத்துப்போயிற்று என்று எழுதியிருந்தான். சந்தைக்கு மாடு விற்கப் போகும் மனிதனின் சிறுகதையை இரண்டு பக்கத்துக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் 'இது ஒரு சிறந்த கதை' என்று முடித்திருந்தாள் ஒருத்தி. கதையைச் சொல்லாதே, கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று சொல் என்று இருபது பேப்பரிலாவது எழுதியிருப்பேன். சான்று எங்கே, எந்த வரி, எந்தச் சொல் என்று ஓரமெல்லாம் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு வேண்டியும் இருந்தது.

மதிப்பெண்ணை என் வழக்கப்படிதான் போட்டேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் இலக்கியத் தாளுக்கு அறுபது என்றால் முதல் வகுப்பு. எழுபது போட்டால் தலைமைத் தேர்வாளர் கூப்பிட்டு, "என்னம்மா, உங்க சொந்தக்காரப் பிள்ளையா?" என்பார். தொண்ணூறு என்பது கணக்குக்கு உரியது. இந்த நாட்டில் தொண்ணூறுதான் நல்ல மதிப்பெண், அறுபது என்றால் கிட்டத்தட்டத் தோல்வி என்பது எனக்குத் தெரியாமலில்லை. என் மகள் தொண்ணூற்று ஏழும் தொண்ணூற்றெட்டும் வாங்கி வந்தவள்தான். ஆனால் பேனா அறுபதைத் தாண்ட மறுத்தது. அதனால் நானும் அக்காவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் என் எண்ணைத் தனித் தாளில் எழுதித் தருவேன். என் அறுபதை அவர் தொண்ணூற்றிரண்டாக்குவார், ஐம்பதை எண்பதாக்குவார். பிறகு அவரே கணினியில் ஏற்றுவார். முதல் கட்டுரைக்கு அது சரியாக நடந்தது.

இரண்டாவது கட்டுரையின்போது பேர்லேண்டில் இருந்த அவருடைய தம்பிக்கு மாரடைப்பு. அக்கா நாலு மணி நேரம் காரோட்டிப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்.

"இண்டைக்குக் கடைசி நாள். நான் செய்யுறமாதிரி மாத்தி ஏத்திவிடும். பாஸ்வேர்டு சொல்லுறன், எழுதும்."

எழுதிக்கொண்டேன். ஆனால் மாற்றவில்லை. முப்பத்திரண்டு எண்களையும் நான் போட்டபடியே ஏற்றினேன். மாணவர்கள் பார்ப்பதற்கு முன் அக்கா ஒரு தடவை பார்ப்பார், அப்போது மாற்றிக்கொள்வார் என்று நினைத்ததாகப் பிறகு வீட்டில் சொன்னேன். அது முழு உண்மையில்லை. ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது, அந்த நாய்க் கட்டுரைக்காரன் தன் நாற்பத்திரண்டைப் பார்க்கட்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

ஆறு மணிக்கு மறுபடி கணினியைப் பார்த்தேன். அக்காவின் பெயருக்குப் பதினொரு மின்கடிதங்கள் வந்து கிடந்தன. மதிப்பெண்கள் அந்த நிமிடமே எல்லோருக்கும் போயிருந்தன. சிலர் கெஞ்சியிருந்தார்கள், சிலர் திட்டியிருந்தார்கள். மிகக் கடுமையாக எழுதியிருந்தவர் வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவர். நாற்பது வயதுக்காரர், கூரை போடும் வேலை செய்துகொண்டு படிப்பவர். தீவைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக் கதவுகளைப் பூட்டாமல் போகும் ஒரு கவிதையை, அணை கட்டியதில் ஏரிக்கடியில் போன தன் அப்பாவின் ஊரோடு வைத்து எழுதியிருந்தார். அவருக்குத்தான் நான் ஆக அதிகமாகப் போட்டிருந்தேன். அறுபத்தொன்று.

பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போக இந்த வகுப்பின் மதிப்பெண் எனக்கு வேண்டும், நான் என்ன தவறு செய்தேன் என்று ஒரு வரியைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் பதில் எழுதினேன், அக்காவின் பெயரில். 'அறுபத்தொன்று மிக நல்ல மதிப்பெண். இதற்குத் திருப்திப்படக் கற்றுக்கொள்ளவும்.'

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. 'எங்கள் டீச்சர் இப்படிப் பேச மாட்டார். நீ யார்?'

அடுத்த நாள் காலை அவர் அந்தக் கடிதத்தோடு துறைத் தலைவரின் அறையில் இருந்தார். பத்து மணிக்கு அக்கா போனில் கத்தினார்.

"நீர் என்ன விசரியே? மாத்தச் சொன்னனான்! சரி, மாத்தேல்ல. என்ர பேரில காயிதம் எழுதச் சொல்லி ஆர் சொன்னது?"

"அக்கா, அவர் கேட்டாரு, நான்..."

"கேட்டா? கேட்டா உம்மட பேரைப் போட்டு எழுதியிருக்கிறதுதானே. ஏன், பயமோ? இஞ்ச தம்பி மூச்சுக்குழாயோட கிடக்கிறான், எனக்கு அங்கயிருந்து ஆர் திருத்தினது எண்டு புதன்கிழமைக்குள்ள எழுதித் தரட்டாம்."

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கணவரிடம் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் சொன்னேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"நீ வொர்க் பண்ணிருக்க. பர்மிட் இல்லாம."

"காசு வாங்கலங்க."

"அதை ஆபீசர்ட்ட போய்ச் சொல்லு. காலேஜ் சிஸ்டத்துல வேற ஆளோட பாஸ்வேர்டு போட்டு உள்ள போயிருக்க. அதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா ஒனக்கு? நான் ஏழு வருஷமா மேனேஜர் என்ன திட்டினாலும் வாய மூடிட்டு இருக்கேன். எதுக்கு? நீ ஒக்காந்து அயர்லாந்துக் கவிதைக்கு மார்க் போடறதுக்கா?"

மகள் அறையிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"உம்மா, சீரியஸ்லி? சிக்ஸ்டி ஒன்னா? பெஸ்ட் பேப்பருக்கு?"

"எங்க ஊர்ல அது ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"இது உங்க ஊர் இல்ல. எனக்கு உங்க ஊர்ல யாரையும் தெரியாது. என்னை அங்க அனுப்பிடுவாங்க, அப்ப நீ இங்க உக்காந்து ரெட் பென்ல கரெக்ட் பண்ணிட்டு இரு."

"வாய மூடு" என்றார் கணவர் அவளிடம்.

"ஒய் ஷுட் ஐ? நீங்க ரெண்டு பேரும் என்னோட பர்த்டேய எண்ணிட்டே இருக்கீங்க. நானும்தான் எண்றேன்."

அவள் கதவைச் சாத்தினாள். அடுத்த ஐந்து நாட்கள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கணவர் வக்கீலுக்குப் போன் செய்யப் போவார், எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிடுவார். கேட்டால் அதுவே பதிவாகிவிடும் என்று பயம். மகள் தட்டைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை நான் அந்தக் கல்லூரிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும் என்றுதான் கிளம்பினேன். பார்க்கிங்கில் நிறுத்தி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அக்காவின் வேலை ஒருவேளை பிழைக்கும். என் பெயர் ஒரு கோப்பில் ஏறும், அதன் பின்னால் மகள் பெயரும் வரும். மாணவர்கள் காபிக் கோப்பையோடு போனார்கள் வந்தார்கள். இவர்களில் யார் நாய்க் கட்டுரைக்காரன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பிறகு காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். போனதை யாரிடமும் சொல்லவில்லை. அக்கா என் பெயரைச் சொல்லிவிடுவார் என்று அன்றிரவு நிச்சயமாகத் தெரிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. கல்லூரியிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மகள் வீட்டில் இருந்தாள்; தன் அறை வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு திறந்தேன். அக்கா நின்றார். ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த அதே கசங்கிய சேலையாக இருக்க வேண்டும். கையில் காரின் சாவி.

"உள்ள வாங்கக்கா. தம்பிக்கு எப்படி இருக்கு?"

"வரேல்ல. தம்பியைப் பற்றி நீங்கள் கேக்க வேண்டாம்."

என்னை அவர் 'நீங்கள்' என்றது அதுதான் முதல் தடவை; அதுவரை உரிமையோடு 'நீர்'தான். என்னைத் தாண்டி என் மகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முப்பத்திரண்டும் நான்தான் திருத்தினனான், அந்தக் காயிதமும் நான்தான் எழுதினனான், தம்பியின்ர வருத்தத்தில மூளை குழம்பிப்போச்சு எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன். அடுத்த பருவம் வகுப்பு இல்லை எண்டு சொல்லிப்போட்டினம்."

"அக்கா..."

"கதைக்காதேங்கோ. உங்களுக்காகச் செய்யேல்ல. அந்தப் பிள்ளைக்காகச் செய்தனான். அங்க ஒரு கடுதாசியிலயும் உங்கட பேர் இல்லை. இனி எனக்குப் போன் எடுக்காதேங்கோ, ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வராதேங்கோ. வழியில கண்டாலும் என்னை அக்கா எண்டு கூப்பிடாதேங்கோ."