மூன்று ஜாடி வைத்தியம்

ஜீயபுரத்தில் பஸ் பழுதாகி நிற்கிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டு டிஸ்பென்சரிக்குள் போகிறேன். கம்பவுண்டரிடம் மூன்று ஜாடிகள்: காய்ச்சலுக்குச் சிவப்பு, இருமலுக்குப் பழுப்பு, வயிற்றுக்கு வெள்ளை. எதிரே காலி பாட்டிலோடு ஒருவர். பக்கத்தில் தலைகுனிந்தபடி அவர் மனைவி.

“ரெண்டு மாசமாப் படுத்தே கிடக்கா ஐயா. பிள்ளை அழுதாக்கூட எழுந்திரிக்கறதில்ல.”

“காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, வயித்துவலி இல்ல. அப்ப சீக்கே இல்லீங்க, சோம்பேறித்தனம்.”

ஜாடியில் மருந்தில்லாத நோய் உலகத்திலேயே இல்லை என்பது கம்பவுண்டர் படித்த படிப்பு. நான் அவ்வளவு படிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாத காலைகள் எனக்கும் உண்டு. “நீங்களே சொல்லுங்கம்மா” என்கிறேன்.

“கெணத்தடிக்குப் போகவே பயமா இருக்குங்க. குதிச்சிருவேனோன்னு.”

கம்பவுண்டர் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுகிறார். நோயின் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

“அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதுங்க” என்கிறேன்.